ஊரில் வீடு கட்டுமுன்: கட்டமைப்பும் கணக்கும்

பிறருடைய கணக்கில் பிழை பிடிப்பதே என் தொழில். ஆனால் தென்மராட்சியில் அம்மாவுக்குக் கட்டிய வீட்டின் கணக்கில் நானே பிழை விட்டேன். 2016 இல், "பிறகு மாடி எடுக்கிற மாதிரி அடிப்பம்" என்ற பேச்சில் தூணும் பீமுமாகத் தொடங்கினோம். மேலே கொங்கிறீற் தட்டுப் போட்டதோடு காசு முடிந்தது. பூச்சு, கதவு, மலசலகூடம் எதுவும் இல்லாமல் மூன்று வருடங்கள் வீடு நின்றது. மாடிக்கென்று விட்ட கம்பிகள் இன்றும் துருப்பிடித்து நிற்கின்றன. இதே பிழையை எம்மவர் பலர் விடுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் உறுதியும் மண்ணும்

வீடு காணிக்குரியவருக்கே சொந்தம். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. எனவே காசு அனுப்புமுன் உறுதி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது மண். வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே சில அடியில் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அத்திவாரத்துக்கு அது நல்லது. ஆனால் சுண்ணாம்புக்கல்லுக்குள் குகைகளும் இருக்கும். நிலாவரைக் கிணறு அப்படி உருவானதுதான். வன்னியின் களிமண் நிலமும் முருங்கன் பக்கத்துக் கரிசல் மண்ணும் வேறு விதம். மாரியில் ஊதி, கோடையில் சுருங்கிச் சுவரை வெடிக்க வைக்கும். அங்கே அத்திவாரம் ஆழமாகப் போக வேண்டும். அதன்மேல் சுற்றிவர கம்பி கட்டிய பீமும் வேண்டும். இரண்டு மூன்று இடங்களில் சோதனைக் குழி வெட்டிப் பார்ப்பது பெரிய செலவல்ல.

எந்த முறை?

ஊரில் முக்கியமாக மூன்று தெரிவுகள் உண்டு.

ஒன்று, சுவரே கூரையைத் தாங்கும் முறை. கருங்கல் அல்லது சுண்ணாம்புக்கல் அத்திவாரம், ஈரத்தடுப்பு, சீமெந்துக் கல் சுவர், யன்னல் மட்டத்துக்கு மேல் சுற்றிவர ஒரு பீம், ஓட்டுக் கூரை. ஒரு மாடி வீட்டுக்கு இது தாராளமாகப் போதும். ஊர் மேசன்மாருக்குக் கைவந்த வேலை என்பதால், பின்னாளில் திருத்துவதும் சுலபம்.

இரண்டு, தூண்-பீம் முறை. பாரத்தைத் தூண்கள் தாங்கும், சுவர் வெறும் மறைப்பு. மாடி நிச்சயமாக வருமென்றால் இதுதான் சரி. ஆனால் கம்பியும் சீமெந்தும் கூடுதலாகப் போகும். பொறியியலாளரின் வரைபடமும் மேற்பார்வையும் இல்லாமல் தொடங்கவே கூடாது. 5 அங்குலக் கொங்கிறீற் தட்டு ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 300 கிலோ. அதாவது 1,000 சதுர அடிக்குச் சுமார் 28 தொன். கரையோர ஊர்களில் உப்புக் கலந்த மணலும் கம்பிக்கு மேல் போதாத சீமெந்து மூடலும் சேர்ந்தால் சில வருடங்களிலேயே கம்பி துருப்பிடித்துத் தட்டு உதிரும்.

மூன்று, உருக்குப் பொருத்து வீடு. 65,000 வீடுகளை இம்முறையில் கட்ட அரசாங்கம் முன்வந்தபோது வடக்கில் எழுந்த எதிர்ப்பு நினைவிருக்கும். வெக்கை, கரையோரத் துரு, உள்ளூர் மேசன், தச்சருக்கு வேலையில்லாமற் போவது ஆகியவையே வாதங்கள். அவசரத்துக்கு உதவும்; முதுசமாக விட நினைப்பவர் யோசிக்க வேண்டும்.

கணக்கு

"சதுர அடி என்ன விலை?" என்பதே எல்லாரும் கேட்கும் கேள்வி. அந்த ஒற்றை எண்ணுக்குள் எது அடக்கம் என்று கேட்பவர் குறைவு. 2012 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபா கொடுத்தார்கள். சதுர அடிக்கு 1,000 ரூபா. அதற்கும் கூடுதலாகக் கட்டப்போய்க் கடன்பட்ட குடும்பங்கள் பல.

பட்ட பிறகு நான் உறவினருக்குப் போட்டுக் கொடுக்கும் பங்கீடு இது. மொத்தம் 100 என்றால், அத்திவாரம் 15, சுவரும் பீமும் 20, கூரை 18, பூச்சும் நிலமும் 17, கதவு யன்னல் 12, மின்சாரம், தண்ணீர், மலசலகூடம் 12, வர்ணம் 6. கூரை முடியும்போது 53 தான் செலவாகியிருக்கும். பார்ப்பவருக்கு வீடு முடிந்த மாதிரித் தெரியும். மிச்சம் 47 உங்களிடம் இருக்க வேண்டும். கிணறு, மதில், மின் இணைப்பு, பிரதேச சபை அனுமதி ஆகியவை இதற்கு வெளியே. தற்செயல் செலவுக்கு மேலும் 10 ஒதுக்குங்கள்.

நாணயத்தையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. "எங்கட காசு பெருத்துப் போச்சு" என்று மகிழ்ந்தவர்கள், அதே ஆண்டில் சீமெந்து மூடை 3,000 ரூபாவைத் தாண்டியதைக் கண்டார்கள். ஆகவே சேமிப்பை வெளிநாட்டு நாணயத்திலேயே வைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தேவையானதை மட்டும் மாற்றுங்கள்.

கொந்தராத்துக்காரரிடம் அளவுப் பட்டியல் எழுத்தில் வாங்குங்கள். முற்பணம் ஐந்திலொன்றைத் தாண்ட வேண்டாம். முடிந்த வேலையை அளந்த பிறகே அடுத்த கட்டக் காசு. கடைசி 5 வீதத்தை ஒரு மாரி கழியும்வரை பிடித்து வையுங்கள். கூரை ஒழுகுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

காசு போதாதென்றால் அறையைக் குறையுங்கள். பூச்சையும் மலசலகூடத்தையும் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள்.

தொடங்கும்போது அம்மா தொலைபேசியில், "தம்பி, எனக்கு ரெண்டு அறையும் ஒரு விறாந்தையும் காணும்" என்றுதான் சொன்னவர். நான் கேட்கவில்லை. வேலை முடிந்த பிறகு அந்த வீட்டில் அவர் இருந்தது பதினொரு மாதங்கள் மட்டுமே.