சிந்திய பாதரசத்தை அகற்றுதல்: ஒரு வரலாறு

அறை வெப்பநிலையில் நீர்ம நிலையில் இருக்கும் உலோகம் பாதரசம். இது நீரைவிட 13.5 மடங்கு அடர்த்தி உடையது. தரையில் விழுந்தால் எண்ணற்ற சிறு மணிகளாகச் சிதறி, இடுக்குகளில் புகுந்து, அங்கிருந்து மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூச்சுடன் உள்ளே செல்லும் பாதரச ஆவியில் ஏறத்தாழ 80 விழுக்காடு உடலில் சேர்ந்துவிடுகிறது. ஆனால் நீர்மப் பாதரசத்தை விழுங்கினால் மிகச் சிறிதளவே உடலில் சேரும். தொடுவதாலும் உடனடிக் கேடு எதுவும் தெரிவதில்லை. இதனால் பாதரசம் தீங்கற்றது என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியது. சிந்திய பாதரசத்தை எப்படி அகற்றுவது என்னும் அறிவு, அதனுடன் வேலை செய்தவர்களின் நோய்களிலிருந்தே பிறந்தது.

கண்ணாடித் தொழிலாளர்கள்

முகம் பார்க்கும் கண்ணாடிகள் ஒரு காலத்தில் வெள்ளீயத் தகட்டின்மேல் பாதரசத்தைப் பரப்பிச் செய்யப்பட்டன. வெனிசு நகரையொட்டிய முரானோ தீவு இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளர்களின் நோய்கள் குறித்து 1700-இல் வெளியிட்ட நூலில், கண்ணாடி செய்வோருக்கு நடுக்கமும் மூச்சுத்திணறலும் வருவதைப் பதிவு செய்தார். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளிப் பூச்சு முறை பரவிய பிறகே இத்தொழிலிலிருந்து பாதரசம் விலகியது.

ஆய்வகத்துக் காற்று

இதே காலத்தில் பாதரசம் அறிவியல் கருவிகளுக்குள் நுழைந்தது. ஃபாரன்ஹீட் 1714-இல் பாதரச வெப்பமானியை உருவாக்கினார். காற்றழுத்தமானிகள், வெற்றிடக் குழாய்கள் எனப் பயன்பாடு பெருகப் பெருக, ஆய்வகத் தரைகளில் பாதரசம் சிந்துவதும் வழக்கமானது. பலரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் (1876–1946) போரான் சேர்மங்களை ஆராய்ந்தவர். அவருடைய கருவிகளில் பாதரசம் ஏராளமாகப் பயன்பட்டது. பல ஆண்டுகளாகத் தலைவலி, சளித்தொல்லை, மறதி ஆகியவற்றால் அவர் துன்புற்றார். காரணம் தம் ஆய்வகத்துக் காற்றில் கலந்த பாதரசமே என்று 1924-இல் அறிந்தார். 1926-இல் தம் நோய்க்குறிகளை ஒளிக்காமல் விவரித்து, பாதரச ஆவியின் ஆபத்து பற்றி எச்சரிக்கைக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். காற்றில் உள்ள மிகச் சிறிய அளவுப் பாதரசத்தை அளக்கும் முறைகளையும் உருவாக்கினார். கண்ணுக்குத் தெரியும் மணிகளைப் பொறுக்கினால் மட்டும் போதாது, காற்றையும் சோதிக்க வேண்டும் என்ற கருத்துக்கு அவருடைய பணி வலுச் சேர்த்தது.

கொடைக்கானல்

1980-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிவந்த வெப்பமானி ஆலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. பாண்ட்ஸ் நிறுவனம் தொடங்கிய இந்த ஆலை பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் வந்தது. 2001 மார்ச் மாதம், நகரின் மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள பழைய பொருள் கிடங்கு ஒன்றில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பது வெளிவந்தது. மக்கள் போராடினர். அதே மாதத்தில் ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது.

தங்கள் நோய்களுக்கு ஆலைப் பணியே காரணம் என்று முன்னாள் தொழிலாளர்கள் கூறினர். நிறுவனம் அதை மறுத்தது. 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. ஆலை வளாகத்து மண்ணில் கலந்த பாதரசத்தை அகற்றுவது அதற்குப் பிறகும் நீடித்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் இருக்கலாம் என வகுக்கப்பட்ட அளவு போதாது என்று சூழலியலாளர்கள் வாதிட்டனர். அருகில் பாம்பார் சோலை இருப்பதே அவர்களின் கவலைக்குக் காரணம். சிந்திய இடத்திலேயே அள்ளப்படாத பாதரசம் மண்ணில் இறங்கிவிட்டால், அதை மீட்பதற்குப் பல ஆண்டுகளாகும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

அகற்றும் முறை

ஒரு மருத்துவ வெப்பமானியில் ஏறத்தாழ 1 கிராம் பாதரசமே உள்ளது. அது உடைந்தால் வீட்டிலேயே அகற்ற முடியும். இன்று பரிந்துரைக்கப்படும் வழிகள் வருமாறு:

- குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் அறையிலிருந்து வெளியேற்றி, சன்னல்களைத் திறந்து, குளிர்சாதனத்தை நிறுத்த வேண்டும்.
- பாதரசம் தங்கத்துடன் கலந்துவிடும் என்பதால் மோதிரம், வளையல்களைக் கழற்றிவிட்டுக் கையுறை அணிய வேண்டும்.
- தடித்த அட்டையால் மணிகளை ஒன்றுசேர்த்து, சொட்டுமருந்துக் குழாயால் உறிஞ்ச வேண்டும். எஞ்சிய சிறு மணிகளை ஒட்டும் நாடாவால் எடுக்கலாம். கைவிளக்கைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மணிகள் மின்னும்.
- எல்லாவற்றையும் இறுக மூடிய கலத்தில் இட்டு, பெயர் எழுதி, அபாயக் கழிவாக ஒப்படைக்க வேண்டும்.

துடைப்பத்தால் பெருக்கினால் மணிகள் மேலும் சிதறும். தூசி உறிஞ்சும் கருவி ஆவியை அறை முழுவதும் பரப்பும். கழிவுநீர்க் குழாயில் ஊற்றினால் பாதரசம் நீர்நிலைகளைச் சேரும். கந்தகத் தூளைத் தூவும் வழக்கமும் உண்டு. கந்தகம் பாதரசத்துடன் சேர்ந்து பாதரச சல்பைடாக மாறும்; சித்த மருத்துவத்தில் சாதிலிங்கம் எனப்படும் தாதுவும் இச்சேர்மமே. ஆனால் அறை வெப்பநிலையில் இவ்வினை பெரும்பாலும் துளியின் மேற்பரப்பில் மட்டுமே நடப்பதால், மணிகளை அள்ளாமல் கந்தகத்தை மட்டும் நம்பக் கூடாது.

உலக ஒப்பந்தம்

ஜப்பானின் மினமாட்டா நகரில் பாதரசக் கழிவால் பாதிக்கப்பட்டோரின் நினைவாகப் பெயரிடப்பட்ட மினமாட்டா ஒப்பந்தம் 2013-இல் நிறைவேறி, 2017 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018-இல் அதை ஏற்றது. பாதரச வெப்பமானிகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2020-க்குள் நிறுத்த அது வகை செய்தது. எனினும் பழைய வெப்பமானிகளும் இரத்த அழுத்தமானிகளும் இன்னும் பல வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் இருக்கின்றன. ஆகவே சிந்தியதை அகற்றும் முறையை அறிந்திருக்க வேண்டிய தேவை இன்றும் உள்ளது.