கம்பத்தில் மாண்ட கழுகுகள்

பகாங் மாநிலத்துப் பெந்தோங் பட்டணத்திலே, வடதேசக் குளிருக்கு அஞ்சிப் பறந்து வரும் தகைவிலான் குருவிகள் அந்தி சாயும் வேளையில் தெருக் கம்பிகளின்மீது வரிசை வரிசையாய் வந்து அமரும் காட்சியைக் கண்டோர் பலர். மனிதன் தொட்டால் மடியும் மின்சாரக் கம்பியில் சின்னஞ்சிறு குருவி அச்சமின்றி உறங்குகிறதே, இஃது எங்ஙனம்? பறவைக்கு ஆண்டவன் அளித்த வரம் என்று கூறி முடித்துவிடுதல் எளிது. ஆனால் காரணம் வேறு. மின்சாரம் ஓடுவதற்கு ஒரு வழி வேண்டும். ஒரே கம்பியைப் பற்றி, வேறெதையும் தொடாது அமர்ந்திருக்கும் குருவியின் உடல் வழியாக அது செல்ல வேண்டிய இடம் ஒன்றுமில்லை. ஆதலின் குருவி பிழைக்கிறது. அதே பறவை இரண்டு கம்பிகளை ஒருங்கே தொடுமாயின், அல்லது ஒரு கம்பியையும் நிலத்தோடு இணைந்த இரும்புச் சட்டத்தையும் ஒருங்கே தொடுமாயின், அக்கணமே உயிர் துறக்கும். வரமுமில்லை, சாபமுமில்லை, எல்லாம் அளவின் கணக்கே.

இந்தக் கணக்கிலேதான் கழுகினம் அகப்பட்டுக்கொண்டது. குருவியின் சிறகு இரு கம்பிகளுக்கு இடையேயுள்ள வெளியை எட்டாது. பெருங்கழுகின் சிறகோ விரித்தால் 2 மீட்டர் அகலம் காணும். அன்றியும், மரமற்ற பாலைவனத்திலும் புல்வெளியிலும் இரை தேடும் பறவைக்கு மின்கம்பத்தைக் காட்டிலும் உயர்ந்த இருப்பிடம் வேறில்லை. அங்கே இறங்கும்போதும், மீண்டும் எழும்போதும் சிறகை விரித்தே ஆகவேண்டும். மழையில் நனைந்த இறகு மின்சாரத்தை இன்னும் எளிதாகக் கடத்தும். இங்ஙனம் மனிதன் தன் வசதிக்காக நட்ட கம்பம், வானத்து வேந்தனுக்குத் தூக்குமரமாயிற்று.

இத்தீங்கு எவ்வாறு கண்டறியப்பட்டது, எவ்வாறு நீக்கப்பட்டது என்னும் வரலாறு நம்மவர் அறியத் தக்கது. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மின்கம்பங்களின் அடியில் பொன்கழுகுகள் மிகுதியாக மாண்டு கிடந்தது வெளியாயிற்று. அந்நாளில் ஐடஹோ மாநிலத்துப் பாய்சி நகரில் மார்லன் நெல்சன் என்பவர் இருந்தார். மலைப் பனியின் அளவைக் கணக்கிடும் சர்க்கார் உத்தியோகம் அவருடையது. கழுகுகளையும் வல்லூறுகளையும் பழக்குவதோ அவர் உள்ளம் பற்றிய தொழில். மின்சாரம் பாயாத மாதிரிக் கம்பங்களை நிறுத்தி, தாம் பழக்கிய கழுகுகளை அவற்றின்மேல் வந்து இறங்கச் செய்து, அக்காட்சிகளைப் படம் பிடித்தார். சிறகு எங்கே படுகிறது, கால் எங்கே ஊன்றுகிறது, எந்த அமைப்பில் அபாயம், எதில் இல்லை என்பன எல்லாம் கண்கூடாயின. மின்சார நிறுவனத்துப் பொறியாளர்களும் அவருடன் ஒத்துழைத்தனர். 1975-ஆம் ஆண்டில், கழுகினத்தைக் காக்கக் கம்பங்களை எவ்விதம் அமைக்கலாம் என்னும் வழிகாட்டி நூல் அந்நாட்டில் வெளிவந்தது. பிற்காலத்தில் அது பன்முறை திருத்தி அச்சிடப்பெற்றது.

அந்நூல் கூறும் பரிகாரங்கள் மந்திரமுமல்ல, மாயமுமல்ல. கம்பிகளுக்கிடையே பறவையின் சிறகு எட்டாத இடைவெளி விடுதல். இடைவெளி விட இயலாதவிடத்துக் கம்பிக்கு மின்சாரம் கடத்தாத உறையிடுதல். பறவை அமரும் சட்டத்தின்மேல் கம்பியை நிமிர்த்தி வையாது, சட்டத்தின் கீழே தொங்கவிடுதல். அபாயமற்ற உயரத்தில் தனியே ஓர் இருக்கை அமைத்துக் கொடுத்தல். இவ்வளவே. ஒரு தச்சனும் ஒரு கம்பிவேலைக்காரனும் செய்து முடிக்கக்கூடிய காரியங்கள் இவை.

ஸ்பெயின் தேசத்திலும் இக்கதையே நிகழ்ந்தது. அத்தேசத்து அரசக்கழுகு ஐபீரியத் தீபகற்பத்தில் மாத்திரமே வாழ்வது. 1960-களில் ஏறக்குறைய 30 சோடிகளே எஞ்சியிருந்தன. கூட்டை விட்டுப் புறப்பட்ட இளங்கழுகுகள் மின்கம்பங்களில் மாள்வதே அவ்வினத்தின் பேரிழப்புகளுள் ஒன்றென ஆய்வாளர் கண்டனர். 1990-ஆம் ஆண்டில் அண்டலூசியா மாநில அரசும், 2008-ஆம் ஆண்டில் தேசிய அரசும், மின்கம்பிகள் பறவைக்குத் தீங்கின்றி அமைய விதிகள் வகுத்தன. நஞ்சு வைப்பதைத் தடுத்தல் முதலிய பிற முயற்சிகளும் உடன் சேர்ந்தன. 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் அக்கழுகுகள் 800 சோடிகளுக்கு மேற்பட்டன. அழிவின் விளிம்பில் நின்ற ஓர் இனம் சட்டத்தாலும் உழைப்பாலும் மீண்டதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஆயினும் அறிவு ஓரிடத்தில் பிறந்தால் மாத்திரம் போதாது. அது மற்றோரிடம் போய்ச் சேரவேண்டும். இதற்குச் சூடான் நாட்டு வரலாறு கசப்பான சாட்சி. செங்கடற் கரையிலுள்ள போர்ட் சூடான் துறைமுகத்தருகே, 1950-களில், 31 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு மின்கம்பி வழி போடப்பட்டது. பால்கன் நாடுகளிலிருந்தும் துருக்கியிலிருந்தும் குளிர்காலத்தில் ஆப்பிரிக்கா நோக்கிப் பறக்கும் வெண்கழுகுகளின் பாதை அது. மஞ்சள்முகப் பாறு என்று இக்காலத்தார் வழங்கும் இப்பறவை சாமானியமானதன்று. பண்டை எகிப்தியர் தம் சித்திர எழுத்துகளுள் ஒன்றுக்கு இதன் உருவையே கொண்டனர். தீக்கோழியின் முட்டையைக் கல்லெறிந்து உடைத்துண்ணும் அறிவும் இதற்கு உண்டு. செத்த பிராணிகளைத் தின்று ஊரைத் தூய்மை செய்யும் தோட்டியும் இதுவே. தூய்மை செய்வோரை இழிவாக எண்ணும் உலகம் இப்பறவையின் சாவையும் பொருட்படுத்தவில்லை போலும்!

1982-ஆம் ஆண்டில் நிக்கோலவுஸ் என்னும் ஆய்வாளர் அக்கம்பங்களின் அடியில் ஏறக்குறைய 50 வெண்கழுகுகள் மாண்டு கிடக்கக் கண்டார். கண்டதை எழுதியும் வெளியிட்டார். 1975-இலேயே பரிகார நூல் அச்சாகிவிட்டது. 1982-இலே சாவும் கண்ணாற் காணப்பட்டது. பின்னர் நடந்தது யாது? மின்சாரம் ஓடிக்கொண்டேயிருந்தது. 2010-ஆம் ஆண்டில் பல்கேரிய ஆய்வாளர் ஆங்கெலோவ் முதலானோர் அவ்விடம் சென்றபோது மறுபடியும் 17 பிணங்களைக் கண்டனர். அந்த ஒரே கம்பி வழி, போடப்பட்ட நாள்முதல் நூற்றுக்கணக்கில், ஒருவேளை ஆயிரக்கணக்கில், வெண்கழுகுகளைக் கொன்றிருக்கக் கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டனர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு குஞ்சுகளே வளர்க்கும் இனத்துக்கு இது தாங்கொணாத இழப்பு. 2014-ஆம் ஆண்டில் சூடான் அதிகாரிகள் அவ்வழியை நிறுத்தி, பறவைகளுக்குத் தீங்கில்லாத புதிய வழியை அதற்கு ஈடாக அமைத்தனர். சாவு காணப்பட்டதற்கும் கம்பி நிறுத்தப்பட்டதற்கும் இடையே 32 ஆண்டுகள்! 31 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க அறிவுக்கு இத்தனை காலமா?

இவ்விடத்து நேயர்கள் தமிழகத்துத் திருக்கழுக்குன்றத்தை நினைவுகூர்தல் வேண்டும். அக்குன்றின்மேல் நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் அளிக்கும் சர்க்கரைச் சோற்றை உண்டு சென்றதாக நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அவை இதே வெண்கழுகுகளே. சாபம் பெற்ற முனிவர்கள் கழுகுருவில் வருகின்றனர் என்று மக்கள் நம்பினர், கைகூப்பினர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அவற்றின் வருகை நின்றது. அவற்றின் மறைவை மின்கம்பியின்மேல் ஏற்றுதல் நம் கருத்தன்று. நாம் கேட்பது ஒன்றே: நூற்றாண்டுக் கணக்காக வணங்கிய கூட்டத்தில், அப்பறவை எங்கே கூடு கட்டுகிறது, எதைத் தின்று வாழ்கிறது, எதனால் சாகிறது என்று வினவியவர் எத்தனை பேர்? பூசனை பெற்ற பறவையைப் பூசனை காக்கவில்லை. ஐடஹோவில் பனியளந்த மனிதர் கழுகைக் கும்பிடவில்லை. அதன் சிறகை அளந்தார். அந்த அளவே அதனைக் காத்தது.

மனிதர் விஷயத்திலும் இதுவே உண்மை. ஏழை ஒருவன் அபாயமான இயந்திரத்தில் அகப்பட்டு மாண்டால் 'தலைவிதி' என்கிறோம். அடுத்தவன் அதே இயந்திரத்தில் மாண்டால் அதையும் விதி என்கிறோம். இயந்திரத்துக்கு வேலியிட்டால் விதி எங்கே போய் ஒளிகிறது? கம்பத்தை நட்டவன் மனிதன். அதனை மாற்றியமைக்க வல்லவனும் மனிதனே. தடுக்கக்கூடிய சாவை விதியென்று சொல்வோர், அறிந்தோ அறியாமலோ, அச்சாவுக்கு உடன்பட்டவராவர். இனி ஒரு கம்பியில் குருவி அமர்ந்திருக்கக் காணும்போது, அங்கே அமர முடியாத பறவைகளையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக. கண்ட தீங்கை உடனே சொல்வதும், சொன்னதை உரியோர் செய்யும்வரை விடாது கேட்பதுமே சீவகாருண்யம். மற்றவை வெறும் சொல்.