நெய்தலிலிருந்து குறிஞ்சிக்கு

தோப்பும்படியில் வாழும் நாம் நெய்தல் நில மக்கள். மீன்பிடித் துறைமுகத்தின் ஆரவாரமும் காயலின் உப்புக்காற்றும் நம்முடன் நாளும் உறைவன. ஆயினும் ஆண்டுக்கொரு முறையேனும் மனைவி மக்களுடன் வண்டியேறி, நேரியமங்கலம் பாலத்தைக் கடந்து, ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூணாற்றுக்குச் செல்கிறோம். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை நின்று நிதானித்து எண்ணியவர் கபிலர். நாமோ அருவியையும் அணையையும் விரைந்து கண்டு, புகைப்படம் எடுத்துத் திரும்பிவிடுகிறோம். அக்காட்சிகளின் பின்னே நம்மவர் வரலாறு ஒன்று உண்டு. அதனைச் சிறிது நினைவுகூர்வோம்.

முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்னும் மூன்று ஆறுகள் கூடுமிடமே மூணாறு. இம்மலைகளின் பழங்குடியினரான முதுவர், தம் முன்னோர் மதுரையிலிருந்து வந்தனர் என்று வழிவழியாகக் கூறுவர். 1877-ஆம் ஆண்டு பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் இம்மலைநிலத்தைக் குத்தகைக்குப் பெற்றார். காடு தோட்டமாயிற்று. கங்காணிகளின் பின்னே நெல்லை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஏழை எளியோர் மலையேறினர். இன்று பச்சைக் கம்பளம் என நாம் வியக்கும் சரிவுகள் இயற்கை தந்தவை அல்ல. அவர்கள் கையால் நட்டுக் கையால் கிள்ளி வளர்த்தவை.

டாப் ஸ்டேஷன் என்னும் காட்சிமுனையில் நின்று தேனிச் சமவெளியை நோக்குவோர் பலர். அப்பெயர் வந்த காரணத்தை அறிந்தோர் சிலரே. 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் எருதுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908-இல் அது சிற்றிரயில் பாதையாக மாறியது. மூணாற்றுத் தேயிலை அதன்வழி டாப் ஸ்டேஷனை அடைந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூருக்குச் சென்றது.

1924-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று கேரள மக்கள் இன்றும் அதனைக் குறிப்பிடுவர். அவ்வெள்ளத்தில் இரயில் பாதை அழிந்தது. மாங்குளம் வழியாக ஆலுவாவுக்குச் சென்ற பழைய சாலையும் அழிந்தது. பின்னர் அடிமாலி வழியே புதிய சாலை பிறந்தது. 1935-இல் நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட்டது. 1947-இல் கொச்சியில் தேயிலை ஏலம் தொடங்கவே, குறிஞ்சியின் விளைபொருள் நம் நெய்தற்கரைக்கே வந்து சேர்ந்தது. நாம் இன்பச் செலவு செல்லும் வழியும் ஓர் அழிவின் பின் எழுந்த வழியே என்பது எண்ணத்தக்கது.

மூணாற்றை அடுத்த இரவிகுளம் 1975-இல் காப்பிடமாகவும் 1978-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 2,695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி இங்குதான் உள்ளது. சங்கப் புலவர் 'வருடை' என்று பாடிய வரையாட்டை இராசமலைச் சரிவில் அருகே நின்று காணலாம். பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது. 2018-இல் மீண்டும் பூத்தபோது மழையும் வெள்ளமும் காண வந்தோரைத் தடுத்தன.

அந்த இராசமலைக்கு அப்பால்தான் பெட்டிமுடி இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு மலை சரிந்து தொழிலாளர் குடியிருப்பை மூடியது. உறங்கியோர் விழிக்கவில்லை. எழுபது உயிர்கள் மடிந்தன. அவர்களுள் பலர் கயத்தாற்றுப் பகுதியைப் பூர்விகமாகக் கொண்ட தமிழ்க் குடும்பத்தினர். தலைமுறைகளாக அம்மலையை அழகு செய்தவர்களுக்கு, அம்மலையில் சொந்தமாய் ஒரு வீடும் வாய்க்கவில்லை. தோட்டத்து லயமே வீடாக இருந்தது.

மலையைக் காணச் செல்வது நன்று. ஆனால் வரையாட்டைத் தேடும் கண்கள், கூடை சுமந்து சரிவில் நிற்கும் பெண்ணையும் காணட்டும். கணக்குப்படி 2030-இல் குறிஞ்சி மறுபடி பூக்க வேண்டும். அன்று நம் பிள்ளைகளை அழைத்துச் சென்று மலரைக் காட்டுவோம். அம்மண்ணில் உழைத்தோர் கதையையும் உடன் சொல்வோம். அதுவே நெய்தல் நிலத்தார் குறிஞ்சிக்குச் செலுத்தும் நன்றிக்கடன்.