சூறாவளி வரும் வழி

வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற செய்தி வந்தவுடன் நம்மில் பலர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைத் தேடுகிறோம். கடலில் ஒரு சுழி, அதிலிருந்து கரையை நோக்கி ஒரு கோடு. அது நம் ஊரைத் தொடுகிறதா, தள்ளிப் போகிறதா என்று பார்க்கிறோம். ஊரை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இந்தப் பழக்கம் போவதில்லை. அந்தக் கோட்டை மனிதர் வரையக் கற்றது எப்படி, அதனால் யாருடைய உயிர் தப்பியது, யாருடையது தப்பவில்லை என்பதே இம்மாத உரை.

சூறாவளிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘சைக்ளோன்’ என்ற சொல்லே நம் கடலை ஆராய்ந்தவர் தந்ததுதான். கல்கத்தாவில் பணியாற்றிய ஹென்றி பிடிங்டன் என்ற ஆங்கிலேயர், புயலில் அகப்பட்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரித்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார். ஒரே நேரத்தில் ஒரு கப்பலில் வடகாற்று, இன்னொன்றில் தென்காற்று. அப்படியானால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ சுழல்கிறது. பல பேரேடுகளை ஒப்புநோக்கி உண்மை நிலுவையைக் காணும் கணக்காளன் எனக்கு அவருடைய வேலை நன்றாகப் புரிகிறது. சுருண்ட பாம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் அமைத்த பெயர் 1848இல் வெளியான அவரது நூலால் மாலுமிகளிடையே பரவியது.

வங்காளத்தில் மாத்லா ஆற்றங்கரையில் துறைமுக நகரம் ஒன்றை அமைக்க அரசு எண்ணியபோது, கடல் பொங்கி அதை மூடிவிடும் என்று பிடிங்டன் 1853இல் எழுத்தில் எச்சரித்தார். கேட்பார் இல்லை. அவர் 1858இல் காலமானார். கானிங் துறைமுகம் எழுந்தது. 1867இல் வந்த புயல் அதைச் சிதைத்துவிட்டது.

1864இல் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் பல்லாயிரம் பேர் இறந்த பின்னரே துறைமுகத்தில் எச்சரிக்கைக் குறிகள் ஏற்றும் ஒழுங்கு தொடங்கியது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. துறைமுகக் கம்பத்தில் ஏற்றும் புயல் கூண்டை நம்மில் பலர் அறிவோம். அந்தக் கூண்டு முதலில் கப்பல்களுக்காக வந்தது. கரையில் ஓலைக் குடிசையில் இருந்தவரை நினைத்து வந்ததல்ல.

1964க்கு வருவோம். டிசம்பர் நடுப்பகுதியில் அந்தமானுக்குத் தெற்கே உருவான புயல் மேற்கு நோக்கி நகர்ந்தது. 22ஆம் திகதி வவுனியா ஊடாக வன்னியைக் கடந்து, அன்றிரவே பாக்கு நீரிணைக்கு அப்பால் தனுஷ்கோடியை அடைந்தது. அக்காலத்தில் தமிழ்நாட்டுக் கரையில் சூறாவளியைக் கண்காணிக்கும் ராடார் இல்லை. இந்தியாவின் முதலாவது அத்தகைய ராடார் 1970இல்தான் விசாகப்பட்டினத்தில் வந்தது. ஈழக் கரையைத் தாக்கிவிட்ட புயல் அடுத்த கரைக்குப் போய்ச் சேரச் சில மணித்தியாலங்கள் எடுத்தன. ஆனாலும் பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653ஆம் இலக்கப் புகையிரதம் நிறுத்தப்படவில்லை. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் மீளவில்லை. பின்னாளில் படகில் அந்த மணல் திட்டில் இறங்கிய நம்மவர்கள் கண்ட இடிந்த தேவாலயமும் புகையிரத நிலையமும் அந்த இரவின் மிச்சங்களே.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பின் முறை. எனக்கு அப்போது ஏழு வயது. நாட்டில் தொலைக்காட்சி இல்லை. அது மறு ஆண்டில்தான் வந்தது. எங்கள் வீட்டில் வானொலிப் பெட்டியும் இல்லை. எங்களுக்கு எச்சரிக்கை சைக்கிளில் வந்தது. பின்வீட்டு மாமா கடற்தொழிலாளி. பிற்பகலில் வடக்கிலிருந்து வீசிய காற்றின் போக்கு அவருக்குப் பிடிக்கவில்லை. வடகாற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் புயலின் மையம் இடது கைப் பக்கம், அதாவது கிழக்கே கடலில் இருக்கும். இது பாடநூலில் உள்ள விதி. அவர் அதைப் படித்தவரல்ல. ஆனால் வீடு வீடாகப் போய் எல்லோரையும் கொங்கிறீற் கூரை போட்ட பாடசாலைக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார்.

இரவில் காற்று திடீரென்று அடங்கியது. சிலர் வீட்டைப் பார்த்து வர எழுந்தார்கள். மாமா வாசலில் குறுக்கே நின்றார். “இன்னும் முடியல்ல. மற்றப் பக்கத்தால வரும்” என்றார். அப்படியே தெற்கிலிருந்து வந்தது. நடுவில் இருந்தது புயலின் கண். காலையில் வெளியே வந்தபோது தென்னைகள் நெடுகக் கிடந்தன. எங்கள் வீட்டின் சுவர்கள் மட்டும் நின்றன. அந்தப் புயலில் 900க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பத்து லட்சம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். இன்றும் எங்கள் பக்கத்து முதியவர்கள் பிள்ளைகளின் வயதைச் சூறாவளிக்கு முன், பின் என்றே சொல்வார்கள்.

இதற்கிடையே விஞ்ஞானம் வெகுதூரம் போயிருந்தது. 1960இல் முதலாவது வானிலைச் செய்மதி ஏவப்பட்டது. 1970 நவம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயலைச் செய்மதிகள் முன்கூட்டியே படம்பிடித்தன. ஆயினும் குறைந்தது மூன்று லட்சம் பேர் மாண்டார்கள். பலருக்கு ஆபத்தின் அளவு புரியவில்லை. புரிந்தவர்களுக்கும் ஓடி ஒதுங்க இடமில்லை. அதன் பிறகு பங்களாதேஷ் கிராமந்தோறும் தொண்டர்களைத் திரட்டி, கொடியும் ஒலிபெருக்கியும் கொடுத்து, தூண்கள் மேல் உயர்ந்த புகலிடங்களையும் கட்டியது. 2007இல் சிட்ர் என்ற கடும் புயல் அங்கே வந்தபோது இறந்தோர் தொகை ஏறத்தாழ 3,400. அதுவும் பெருந்துயரமே. ஆனாலும் இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒடிசாவிலும் இதே கதைதான். 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேர் இறந்தனர். 2013இல் பைலின் வருமுன் பத்து லட்சம் பேர் அளவில் அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் சில பத்துப் பேர்.

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலை நாமெல்லாம் படத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம். யேமன் நாடு கொடுத்த பெயர் அது. இறந்தோர் 600க்கும் மேல். கோடு கிழக்குக் கரையில் இருந்தது; மரணமோ கண்டி, பதுளை, நுவரெலியா மலைச்சரிவுகளில் மண்ணாகவும் வெள்ளமாகவும் இறங்கியது. படத்தில் காணும் கோடு மையம் போகக்கூடிய வழியை மட்டுமே காட்டும். மழை அதற்கு வெளியே எத்தனையோ மைல் பரவும். லயத்துக்கு மேலே இருக்கும் மலை எத்தனை மணிக்குச் சரியும் என்பதை அந்தக் கோடு சொல்லாது.

ஆகவே நேயர்களே, புயலைக் காண்பது ஒரு வேலை, கடைசி வீட்டுக்கு அதைச் சொல்வது இன்னொரு வேலை. முதலாவதை விஞ்ஞானிகள் பெரும்பாலும் செய்து முடித்துவிட்டார்கள். இரண்டாவது, அந்த வீட்டார் பேசும் மொழியில், அவர்கள் நம்பும் ஒருவர் வாயால், இருட்டுமுன் நடக்க வேண்டும். அடுத்த முறை படத்தைப் பார்க்கும்போது ஊருக்கு ஓர் அழைப்பு எடுங்கள். “பயமா இருக்கா” என்று கேட்பதோடு நிறுத்தாமல், எந்தக் கட்டடத்துக்குப் போவீர்கள், நடக்கமாட்டாத அம்மம்மாவை யார் தூக்குவது, பக்கத்து வீட்டில் தொலைபேசி இல்லாதவருக்கு யார் சொல்வது என்று கேளுங்கள். நம் வானொலியும் அந்த நாட்களில் எச்சரிக்கைகளைத் தமிழில் வாசித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்டதை அங்கே சொல்லிவிடுங்கள்.