அரசு மாறினும் ஆசனம் மாறாதவர்

ஜெர்மனியில் றைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரில் யொஹான் யாக்கோப் வொன் விற்கென்ஸ்ரைன் என்னும் பிரபு ஒருவர் வாழ்ந்தார். அந்நகர் சுதந்திர நகராயிருந்த காலத்தில் அவர் அதன் மேயர்களுள் ஒருவர். 1794 இல் பிரெஞ்சுப் படை நகரைக் கைப்பற்றியது. 1803 இல் பிரெஞ்சு ஆட்சியும் அவரையே மேயராக்கியது. 1814 இல் அவர்கள் வெளியேறிய வேளையிலும் மேயர் அவரே. கொடிகள் மாறின, ஆசனத்தில் அமர்ந்தவர் மாறவில்லை.

அதே ஆண்டுகளில் நமது கண்டி மண்ணிலும் இத்தகையவர் ஒருவர் இருந்தார். அவரே மொல்லிகொட மகாநிலமே. “அவர் துரோகியா?” என்று மாணவர் வகுப்பில் வினவுவதுண்டு. ஒரு சொல்லில் விடை கூறுதல் எளிது. ஆயின் வரலாறு அவ்வளவு எளிதன்று.

1814 இல் முதலாம் அதிகாராக விளங்கிய எஹெலபொல, அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை எதிர்த்துச் சப்ரகமுவவில் கிளர்ந்தெழுந்தார். அதனை அடக்குமாறு அரசன் அனுப்பியவர் மொல்லிகொட. எஹெலபொல கொழும்புக்குத் தப்பியோடினார். கண்டியிலிருந்த அவர்தம் மனைவியும் மக்களும் கொல்லப்பட்டனர். காலியான பதவி மொல்லிகொடவுக்குக் கிடைத்தது. அமைச்சர் பிழைத்தாலும் குடும்பம் பிழையாது என்பதை அவர் கண்ணாரக் கண்டார். ஆதலின், 1815 பெப்ரவரியில் ஆங்கிலேயர் படையெடுத்தபோது, தம் குடும்பத்தின் பாதுகாப்பு உறுதியான பின்னரே அவர்கள் பக்கம் சென்றார்.

அம்மாதம் 18 ஆம் நாள், ஹுன்னஸ்கிரியவுக்கு அண்மையிலுள்ள மெதமகாநுவரைப் பகுதியில் அரசன் பிடிபட்டான். தென்னிந்திய நாயக்கர் வழிவந்த அக்கடைசி மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே உயிர் நீத்தான்.

1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி ஒப்பந்தம் நிறைவேறியது. தலைவர்களின் உரிமைகளும் அதிகாரங்களும் பேணப்படும் என்று அது உறுதி கூறிற்று. மொல்லிகொட முதலாம் அதிகாராகவே தொடர்ந்தார். தேசாதிபதி பிறவுண்ரிக்கும் வதிவிடப் பிரதிநிதி ஜோன் டொயிலியும் அவருக்கு மேல் அமர்ந்தனர்.

1817 இல் ஊவா வெல்லஸ்ஸவில் பெருங்கிளர்ச்சி மூண்டது. கெப்பெட்டிபொல அதற்குத் தலைமை தாங்கினார். நமது தும்பறையில் மடுகல்லை எழுந்தார். மொல்லிகொட எழவில்லை. நான்கு கோறளையை அமைதியில் நிறுத்தி, கண்டி கொழும்புப் பாதையை ஆங்கிலேயருக்குத் திறந்தே வைத்திருந்தார். 1818 நவம்பரில் கெப்பெட்டிபொலவும் மடுகல்லையும் சிரச்சேதம் செய்யப்பட்டனர்.

அதே நவம்பர் 21 ஆம் நாள் வெளியான பிரகடனமே நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது. நெல் விளைச்சலில் பத்திலொரு பங்கு வரியென அது விதித்தது. கிளர்ச்சியில் சேராத நான்கு கோறளை மக்களுக்கோ பதினான்கிலொரு பங்கு. மொல்லிகொடவின் நிலங்களுக்கு அவர் ஆயுட்காலம் வரை வரியே இல்லை. மக்கள் சிறிது பெற்றனர். அவர் முழுவதும் பெற்றார். போர் அழிவினின்றும் தம் மாகாணத்தைக் காத்தவர் என்று அவரைப் போற்றுவோரும், தம்மையே காத்துக்கொண்டவர் என்று தூற்றுவோரும் இவ்வொரே ஏட்டிலிருந்து சான்று காட்டலாம்.

ஆயின் அதே பிரகடனம் பிறிதொன்றையும் செய்தது. கண்டித் தலைவர் யாவரையும் ஆங்கில உத்தியோகத்தருக்குக் கீழ்ப்படுத்தியது. ஒப்பந்தம் காப்பதாகச் சொன்ன அதிகாரங்கள் மூன்றே முக்கால் ஆண்டில் பறிபோயின. எதிர்த்தவர் தலை இழந்தனர். பணிந்தவர் பதவியின் பெயரை வைத்துக்கொண்டு அதன் உள்ளீட்டை இழந்தனர். ஆங்கிலேயர் துணையால் அரியணை ஏறலாமென எண்ணிய எஹெலபொலவோ மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829 இல் அங்கு மாண்டார்.

மொல்லிகொட 1823 இல் முதலாம் அதிகாராகவே இறந்தார். கொலோன் நகரத்து விற்கென்ஸ்ரைன் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

ஆகவே மாணவர்களுக்கு யாம் கூறும் விடை இதுவே. அரசு மாறும்போது பதவியில் தங்கியவரைத் துரோகியென்றோ அறிஞரென்றோ விரைந்து தீர்ப்பிடற்க. அவர் தங்கியதால் ஊருக்கு எஞ்சியது எவ்வளவு, அவருக்கு எஞ்சியது எவ்வளவு என்று அளந்து பார்க்க. பதினான்கிலொரு பங்கும், வரியில்லா நிலமும் அவ்வளவைக்கு நமக்குக் கிடைத்த படிக்கற்கள். ஆசனத்தைக் காத்தவர் அதன் ஆற்றலையும் காத்தாரா என்பதே வரலாறு கேட்கும் வினா. மொல்லிகொடவைப் பொறுத்தவரை, விடை இல்லை என்பதேயாம்.