கன்சர்வேட்டரிக்கான கண்ணாடி

பிரிட்டனில் வீட்டின் பின்சுவரை ஒட்டி, சுவர்களும் கூரையும் பெரும்பாலும் கண்ணாடியாகவே இருக்கும்படி கட்டப்படும் அறைக்குக் கன்சர்வேட்டரி என்று பெயர். ஆரஞ்சு, எலுமிச்சை முதலிய செடிகள் குளிர்காலத்தில் பட்டுப்போகாமல் காக்க, செல்வந்தர்கள் தங்கள் மாளிகைகளில் அமைத்த செடி இல்லங்களே இதன் மூலம். 1746இல் கண்ணாடிக்கு விதிக்கப்பட்ட வரி 1845இல் நீங்கியது. கியூ தாவரவியல் தோட்டத்தின் பனை இல்லம் 1848இல் முடிந்தது. ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த படிக மாளிகை 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் எழுந்தது. கண்ணாடிக் கட்டடத்தின் மீதான அந்த ஆசை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடுத்தரக் குடும்பங்களின் வீடுகள்வரை வந்து சேர்ந்தது. ஆனால் அப்படிக் கட்டிய அறைகளில் பல, ஜனவரியில் உட்கார முடியாத குளிரும் ஜூலையில் தாங்க முடியாத வெக்கையுமாக இருந்து, வேண்டாத சாமான்களைப் போட்டுவைக்கும் இடமாகிவிட்டன. பன்னிரண்டு மாதமும் புழங்கும் அறை வேண்டுமானால் முதல் கவனம் கண்ணாடியில் இருக்க வேண்டும். அதிலும் சுவருக்கு ஒன்று, கூரைக்கு வேறொன்று என்று பிரித்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

யு மதிப்பும் ஜி மதிப்பும்

உள்ளிருக்கும் வெப்பம் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைச் சொல்வது யு மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியே எத்தனை வாட் போகிறது என்பதே அதன் கணக்கு. எண் குறையக் குறைய நல்லது. ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 5.7, பூச்சில்லாத பழைய இரட்டைக் கண்ணாடிக்கு 2.8, பூச்சும் ஆர்கான் வாயுவும் உள்ள இன்றைய இரட்டைக் கண்ணாடிக்கு 1.2. மூன்றடுக்குக் கண்ணாடி 0.8க்கும் அதற்குக் கீழேயும் இறங்கும்.

வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி, கண்ணாடிப் பரப்பு 20 சதுர மீட்டர் என்று கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி வழியே 2,280 வாட் வெளியேறும். நல்ல இரட்டைக் கண்ணாடியில் அது 480 வாட்டாகவும், மூன்றடுக்கில் 320 வாட்டாகவும் குறையும். முதல் மாற்றத்தில் மிச்சமாவது 1,800 வாட். அடுத்த மாற்றத்தில் கிடைப்பது 160 வாட்தான். 4 மி.மீ. கண்ணாடிகள் மூன்று சேர்ந்தால் சதுர மீட்டருக்கு 30 கிலோ எடை வேறு. சட்டமும் கீலும் அதைத் தாங்க வேண்டும். தெற்கு இங்கிலாந்தின் மிதமான குளிருக்குச் சுவரில் மூன்றடுக்கு போடுவதைவிட, அந்தப் பணத்தைக் கூரையில் செலவிடுவதே புத்திசாலித்தனம்.

வெயிலின் ஆற்றலில் எத்தனை பங்கு உள்ளே நுழைகிறது என்பதைக் காட்டுவது ஜி மதிப்பு. தெளிந்த இரட்டைக் கண்ணாடிக்கு இது 0.76 அளவில் இருக்கும். வெயில் தடுப்புக் கண்ணாடியில் 0.35 வரையிலும் அதற்குக் கீழும் வரும். சதுர மீட்டருக்கு 800 வாட் வெயில் விழும் கோடை நண்பகலில், 10 சதுர மீட்டர் கூரை வழியே முதலாவதில் 6 கிலோவாட்டுக்கும் மேல் உள்ளே இறங்கும். இரண்டாவதில் 3 கிலோவாட்டுக்கும் குறைவு. விலைப்பட்டியலில் யு மதிப்பு மட்டும் இருந்தால், ஜி மதிப்பையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

பூச்சு, வாயு, ஓரம்

சாதாரணக் கண்ணாடி, அறையின் வெப்பக் கதிர்களை உறிஞ்சி வெளிப்பக்கம் உமிழ்ந்துவிடும். இதைத் தடுப்பது குறை உமிழ்வுப் பூச்சு. சில நானோமீட்டர் தடிமனே உள்ள வெள்ளிப் படலம் வெளிச்சத்தை விட்டுவிட்டு, வெப்பக் கதிரை அறைக்குள்ளேயே திருப்பி அனுப்பும். காற்றுப் பட்டால் வெள்ளி கெட்டுவிடும் என்பதால், பூச்சு எப்போதும் இரு கண்ணாடிகளுக்கும் நடுவே உள்ள பக்கத்தில்தான் இருக்கும். வெப்பத்தைத் தக்கவைக்க அதை உட்கண்ணாடியின் வெளிமுகத்தில் வைப்பார்கள். வெயிலைத் தடுக்க வெளிக்கண்ணாடியின் உள்முகத்தில். பொருத்திய பிறகும் இதைச் சோதிக்கலாம். லைட்டர் சுடரைக் கண்ணாடிக்கு அருகே பிடித்தால் நான்கு பிம்பங்கள் தெரியும். நிறம் மாறித் தெரியும் பிம்பம் எதுவோ, அந்த முகத்தில்தான் பூச்சு.

ஆர்கான், காற்றைவிடக் குறைவாகவே வெப்பம் கடத்தும். 16 மி.மீ. இடைவெளி அதற்குப் பொருத்தமானது. அதற்குமேல் அகலம் கூடினால் உள்ளே வாயு சுழலத் தொடங்கி, பலன் கூடுவதில்லை. கண்ணாடிகளைப் பிரித்துவைக்கும் ஓரப்பட்டை அலுமினியமாக இருந்தால் வெப்பம் அந்த ஓரம் வழியே கசியும். வெப்பம் எளிதில் கடத்தாத கலவைப்பட்டை கேட்டு வாங்குவது நல்லது.

கூரை

கோடை வெயில் நேராக விழுவதும், சூடான காற்று போய்ச் சேருவதும் கூரையில்தான். மேலும், சாய்ந்த நிலையில் இடைவெளிக்குள் வாயு அதிகம் சுழல்வதால், செங்குத்தாக 1.1 என்று அளந்த கண்ணாடியின் யு மதிப்பு படுக்கவைத்தால் 1.6 அளவுக்கு ஏறிவிடும். சுவருக்கு அளந்த எண்ணைக் கூரைக்கும் நம்புவது சரியாகாது. பல பழைய அறைகளில் உள்ள பாலிகார்பனேட் தகடு எடை குறைந்தது, விலை மலிவு. ஆனால் மழை பெய்தால் உள்ளே பேச முடியாத இரைச்சல். கூரையின் உட்கண்ணாடி லேமினேட்டட் வகையாக இருப்பது பாதுகாப்பு. உடைந்தாலும் துண்டுகள் நடுப்படலத்தோடு ஒட்டிக்கொண்டு, தலைமேல் விழாது.

எந்தக் கண்ணாடி போட்டாலும், திறக்கும் கூரைச் சன்னல் ஒன்றாவது இல்லாத தெற்குப் பார்த்த அறையைக் கோடையில் குளிர்விப்பது கடினம். வடக்குப் பார்த்த அறைக்கு வெயில் தடுப்பு வேண்டியதில்லை. அங்கே கிடைக்கும் கொஞ்ச வெயிலையும் உள்ளே விடும் தெளிந்த கண்ணாடியும் குறைந்த யு மதிப்பும் போதும். மேற்குப் பார்த்த அறையில் மாலை வெயில் தாழ்வாக வருவதால், கூரையோடு சுவர்க் கண்ணாடியின் ஜி மதிப்பையும் பார்க்க வேண்டும்.

நீர்ப்படலம்

இலையுதிர்கால விடியலில் கண்ணாடியின் வெளிப்புறம் பனித்திருந்தால் அது குறையல்ல. உள்வெப்பம் வெளியே கசியாததால் வெளிக்கண்ணாடி குளிர்ந்திருக்கிறது. இரு கண்ணாடிகளுக்கு நடுவே மங்கல் படிந்தால் ஓர அடைப்பு விட்டுவிட்டது என்று பொருள். அந்தக் கண்ணாடித் தொகுதியையே மாற்ற வேண்டும்.

விதிகள்

இங்கிலாந்தில் தரைமட்டத்தில் 30 சதுர மீட்டருக்குள் அமைந்து, வீட்டிலிருந்து வெளிச்சுவருக்கு நிகரான சுவர், கதவுகளால் பிரிக்கப்பட்டு, சூடேற்றும் அமைப்பும் தனியாக இருக்கும் கன்சர்வேட்டரிக்குக் கட்டட ஒழுங்குவிதிகளின் ஆற்றல் பகுதியிலிருந்து பொதுவாக விலக்கு உண்டு. கதவிலும் தாழ்வான இடங்களிலும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். இடையிலுள்ள கதவை எடுத்துவிட்டு அறையை வீட்டோடு சேர்த்தால் அந்த விலக்கு போய்விடும். கண்ணாடி, சட்டம், தரை எல்லாமே வீட்டின் விரிவாக்கத்துக்குரிய அளவுகளுக்கு உட்பட வேண்டியிருக்கும்.