சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தால்: இரவுக் கடலில் கப்பல் மோதலைத் தடுப்பது எப்படி?

2020 செப்டம்பர் 3ஆம் திகதி சங்கமன்கண்டிக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ தீப்பற்றியபோதுதான், நமது கரையோரம் எவ்வளவு பெரிய கப்பல்கள் போகின்றன என்பது ஊரில் பலருக்குத் தெரிந்தது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயுடன் போய்க்கொண்டிருந்த கப்பல் அது. மோதல் அல்ல, இயந்திர அறையில் நடந்த விபத்து. ஆனால் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆழ்கடல் மீனவர்களுக்கு அந்தப் பாதை புதிதல்ல. தெய்வேந்திரமுனையைச் சுற்றி வடக்கே சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் பாரதீப்புக்கும் திரும்பும் கப்பல்களின் வெளிச்சத்தை, வலை விட்டுக் காத்திருக்கும் இரவுகளில் அவர்கள் பார்த்தே பழகியவர்கள்.

நான் சில வருடங்கள் சரக்குக் கப்பலில் மாலுமியாக இருந்தேன். இரவு 12 மணியிலிருந்து 4 மணிவரை, கப்பலைச் செலுத்தும் மேல்தள அறையான ‘பிரிட்ஜ்’ஜில் அதிகாரியுடன் நின்று கடலைப் பார்ப்பதுதான் என் வேலை. ஊருக்கு வந்த பிறகு சாய்ந்தமருதில் ஒரு படகோட்டிக் காக்கா என்னிடம் கேட்டார்: “நம்மட வெளிச்சம் அவனுகளுக்குத் தெரியாதா தம்பி?”

தெரியும் காக்கா, யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்.

2012 மார்ச் 1ஆம் திகதி கேரளத்தின் ஆலப்புழைக் கடலில் ‘பிரபு தயா’ என்ற சரக்குக் கப்பல் மோதி ஐந்து மீனவர்கள் உயிரிழந்தார்கள். கப்பல் நிற்காமல் போனது. பிறகு சென்னைக்குக் கொண்டுவந்து விசாரித்தார்கள். 2017 ஜூனில் ஜப்பான் கரைக்கு அப்பால் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘பிட்ஸ்ஜெரால்ட்’ ஒரு கொள்கலன் கப்பலுடன் மோதியதில் ஏழு கடற்படையினர் இறந்தார்கள். அத்தனை கருவிகள் இருந்தும் அது நடந்தது.

1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளில் 5ஆவது விதி, ஒவ்வொரு கலமும் எந்நேரமும் கண்ணாலும் காதாலும், பொருத்தமான மற்ற எல்லா வழிகளாலும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறது. ராடர் அந்த ‘மற்ற வழி’களில் ஒன்று மட்டுமே. பைபர் படகும் மரப்படகும் ராடரில் மங்கலாகத்தான் விழும். கடல் கொந்தளித்தால் அலையின் புள்ளிகளுக்குள் படகின் புள்ளி மறைந்துபோகும். அப்போது கண் தவிர வேறு வழியில்லை.

கண்ணிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெளிச்சமான அறையிலிருந்து வருபவருக்கு இருட்டில் முழுதாகப் பார்வை தெளிய இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதனால் அடுத்தவரின் கண் இருட்டுக்குப் பழகும்வரை காவலை ஒப்படைக்கக் கூடாது என்பது விதி. ஒரு தடவை கைத்தொலைபேசியைப் பார்த்தால் அத்தனையும் வீண். நாங்கள் பார்க்காமலா இருந்தோம்? பார்த்தோம்.

களைப்பு அதைவிட மோசம். 24 மணித்தியாலத்தில் 10 மணித்தியால ஓய்வு, வாரத்தில் 77 என்று சட்டம் இருக்கிறது. துறைமுகத்தில் பகல் முழுக்கச் சரக்கு இறக்கிவிட்டு அன்றிரவே காவலுக்கு நின்றவர்களுக்குத் தெரியும், அந்த எண்கள் பல நேரம் தாளில் மட்டும் நிரம்புகின்றன. அதிகாரி தூங்கிவிட்டால் எழுப்புவதற்கு ஓர் எச்சரிக்கைக் கருவி உண்டு. மூன்று முதல் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நிர்ணயித்த இடைவெளியில் பொத்தானை அழுத்தாவிட்டால் முதலில் பிரிட்ஜில் அலறும், பிறகு கப்டனின் அல்லது வேறு அதிகாரியின் அறையில் அலறும். நான் வேலை செய்த ஒரு கப்பலில் ‘தொல்லை’ என்று அதை நிறுத்தியே வைத்திருந்தார்கள்.

நேரக் கணக்கைப் பாருங்கள். 12 மீற்றருக்குக் குறைந்த படகின் விளக்கு இரண்டு கடல் மைல் தூரம் தெரிந்தால் போதும் என்பது விதி. 14 நொட் வேகத்தில் வரும் கப்பல் அந்தத் தூரத்தை எட்டரை நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் கண்டு, திசைமானியில் குறி மாறுகிறதா என்று பார்த்து, பெரிதாகத் திரும்ப வேண்டும். குறி மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் நிச்சயம். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது எதிரே இருப்பவருக்குத் தெரியாது. இன்னொன்று, முன்தளத்துக்கு முன்னால் 500 மீற்றர் வரை கடல் பிரிட்ஜிலிருந்து மறைந்திருக்க விதியே இடம் கொடுக்கிறது. அதற்குள் படகு வந்துவிட்டால் மேலே நிற்பவர் பார்க்கவே மாட்டார்.

மீன்பிடியில் இருக்கும் படகுக்குக் கப்பல்தான் வழிவிட வேண்டும். தெய்வேந்திரமுனைக்குத் தெற்கே பிரித்துக் குறித்த கப்பற்பாதைக்குள் மட்டும் நாம் அவற்றுக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. ஆனால் நாம் மீன்பிடிக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே! வலை விட்ட படகு மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று சுற்றிலும் தெரியும் இரண்டு விளக்குகளை ஏற்ற வேண்டும். வலை 150 மீற்றருக்கு மேல் நீண்டால் அது போன திசையில் இன்னொரு வெள்ளை விளக்கு. பலர் கட்டியிருப்பது பளீரென்ற எல்.ஈ.டி. அது தூரத்திலிருந்து வெறும் வெளிச்சக் குவியல். படகு எந்தப் பக்கம் போகிறது என்று கப்பலில் யாருக்கும் விளங்காது.

பலநாட் படகுகளில் பூட்டிய செய்மதிக் கண்காணிப்புக் கருவி (வி.எம்.எஸ்.) இருப்பதால் கப்பல்காரனுக்கு நம்மைத் தெரியும் என்று நினைப்பவர்கள் உண்டு. தெரியாது. அது கரையில் இருக்கும் அதிகாரிகளுக்குத்தான் செய்தி அனுப்புகிறது. கப்பலின் திரையில் விழ ஏ.ஐ.எஸ். கருவி வேண்டும். அதற்கு வசதியில்லாவிட்டால் ராடர் அலையைத் திருப்பி அனுப்பும் உலோகப் பிரதிபலிப்பானையாவது கம்பத்தில் உயரக் கட்டலாம்.

காக்காவிடம் நான் சொன்னது இதுதான்: வரும் கப்பலின் சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்து, இரண்டு வெள்ளை விளக்குகளும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நின்றால் அது நேரே உங்கள் மேல் வருகிறது. டோர்ச்சை அதன் பிரிட்ஜை நோக்கி அடியுங்கள், வி.எச்.எப். 16இல் கூப்பிடுங்கள், வலையை வெட்டவும் தயாராக இருங்கள். வலையை வெட்டுவது என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடன் வாங்கிய வலை.

போன மாதம் சிவப்பையும் வெள்ளையையும் கட்டிவிட்டார். பிரதிபலிப்பான் இன்னும் வாங்கவில்லை.